மன்னார்க் கடலுக்கு அடியில் எரிவாயு "தெரிந்தது" என்றால், நாலில் இரண்டு கிணறு ஏன் வெறுமை?

2024 மே 11 | கேள்வி
அண்ணாமார், அக்காமார், ஒரு சந்தேகம். மன்னாரில் கப்பல் விட்டு ஸ்கான் எடுத்து, கீழே எரிவாயு தெரிகிறது என்று சொல்லித்தானே கிணறு தோண்டினார்கள்? தெரிந்தது என்றால் நாலில் இரண்டு ஏன் ஒன்றுமில்லாமல் போனது? ஒன்றில் ஸ்கான் பொய், அல்லது உள்ளதை மறைக்கிறார்கள். இரண்டில் எது?

2024 மே 11, இரவு
இரண்டும் இல்லை தம்பி. மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் நீளம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2011 ஒக்டோபரில் கெயார்ன் லங்கா என்ற கொம்பனி தோண்டிய டொராடோ கிணற்றில் எரிவாயு கிடைத்தது. நவம்பரில் பாராகூடாவிலும் கிடைத்தது. அந்த ஆண்டின் மூன்றாவது கிணறான டொராடோ நோர்த் வெறுமை. 2013இல் தோண்டிய வல்லகோவும் வெறுமை. 2011 கிணறுகளைத் தோண்டியது ஜப்பானின் சிக்யூ கப்பல். பூகம்பம் பிறக்கும் இடத்தைத் துளைத்துப் பார்ப்பதற்காகக் கட்டிய ஆராய்ச்சிக் கப்பல் அது.

நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவன். பிறகு ஆறு வருடம் வளைகுடாவில் சைஸ்மிக் படங்களை, அதாவது நீ ஸ்கான் என்று சொல்வதை, பார்த்து விளக்கம் எழுதுகிற வேலை. இப்போது கொழும்பில் குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்க்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அந்தப் படத்தில் பாறை தெரிவதில்லை. ஒரு பாறை முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லைதான் தெரியும். கப்பல் எயர் கன்னால், அதாவது அமுக்கிய காற்றைத் திடீரென்று வெளியே விடும் கருவியால், ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் விடுகிறது. சத்தம் கீழே போய், எல்லைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்துத் திரும்புகிறது. பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுபடும் கேபிளில் உள்ள ஒலிவாங்கிகள் அதைப் பிடிக்கின்றன. எவ்வளவு தெறிக்கும் என்பதை மேலே உள்ள பாறைக்கும் கீழே உள்ள பாறைக்கும் இடையிலான வித்தியாசம் முடிவு செய்யும். வித்தியாசம் என்று நான் சொல்வது வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கி வரும் எண்ணில் உள்ள வித்தியாசம். அதை ஒலித்தடை என்று வைத்துக்கொள்வோம்.

அதனால் படத்தில் ஓர் இடம் பளிச்சென்று இருந்தால், அங்கே ஒலித்தடை சட்டென்று மாறுகிறது என்பது மட்டும்தான் உறுதி. எதனால் மாறுகிறது என்று படம் சொல்லாது.

2024 மே 12
காலையில் எழுந்து நேற்று எழுதியதை வாசித்தேன். எண் இல்லாமல் சொன்னால் விளங்காது. ஒரு கணக்குப் போடுவோம். இவை பாடத்துக்காக நான் எடுத்த எண்கள், மன்னார்க் கிணறுகளில் அளந்தவை அல்ல.

களிப்பாறையில் வேகம் விநாடிக்கு 3,000 மீட்டர், அடர்த்தி தண்ணீரைப் போல 2.4 மடங்கு. பெருக்கினால் 7,200. அதன் கீழே உப்புத்தண்ணீர் ஊறிய மணற்கல்: 3,000 தர 2.25, அதாவது 6,750. கீழே உள்ளதிலிருந்து மேலே உள்ளதைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்தால் தெறிப்பு வரும். இங்கே மறை 0.03, அதாவது கழித்தல் குறியோடு. படத்தில் மங்கலான ஒரு கோடு.

அதே மணற்கல்லில் தண்ணீருக்குப் பதிலாக எரிவாயு. வேகம் 2,600 ஆகவும் அடர்த்தி 2.1 ஆகவும் குறைகிறது. பெருக்கினால் 5,460. தெறிப்பு மறை 0.14. நாலு மடங்குக்கு மேல் பிரகாசம். வெளிச்சப் புள்ளி என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான்.

இனி அதே களிக்குக் கீழே பசால்ட், அதாவது பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. 5,500 தர 2.8, அதாவது 15,400. தெறிப்பு நேர் 0.36. எரிவாயுவை விட இரண்டரை மடங்கு பிரகாசம்! மன்னார்ப் படுகையில் இந்த எரிமலைப் பாறை நிறைய இருக்கிறது. பளிச்சென்று இருப்பதை மட்டும் தேடிப் போகிறவர் பசால்ட்டைத்தான் தோண்டுவார்.

2024 மே 12, மாலை
ஒருவர் கேட்டிருந்தார்: ஒன்று மறை, ஒன்று நேர் என்றால் பிரித்துவிடலாமே?

நல்ல கேள்வி. கொள்கையளவில் பிரிக்கலாம். ஆனால் படத்தில் கறுப்பு நேரா, சிவப்பு நேரா என்பது தரவைப் பதப்படுத்தியவர் எடுத்த முடிவு. அமெரிக்கப் பழக்கம் ஒன்று, ஐரோப்பியப் பழக்கம் அதற்கு நேர்மாறு. அதனால் முதல் வேலையாகக் கடல்தளத்தைப் பார்க்கச் சொல்வார்கள். தண்ணீரிலிருந்து சேற்றுக்குப் போகும்போது ஒலித்தடை கூடும், அங்கே தெறிப்பு கட்டாயம் நேர். கடல்தளம் எந்த நிறத்தில் வருகிறதோ அது நேர். எனக்குக் கிடைத்த மேலதிகாரி ஒருவர் யார் படம் கொண்டுவந்தாலும் வாயைத் திறக்கும் முன் கடல்தளத்தில் விரலை வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் அடுக்கு மெல்லியதாக இருந்தால் இந்த நேர் மறையும் குழம்பிவிடும். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 மே 14
நாளைக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போய்விட்டது. ஜாஎலப் பக்கம் ஒரு காணிக்கு இடம் பார்க்கப் போனேன், மழை விடவில்லை. நேரம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

2024 மே 18
இன்று பின்னேரம் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். தென்மேற்குப் பருவக் கடல், சரியான கொந்தளிப்பு. அலை வந்து பாதையோரக் கற்களில் மோதித் திரும்புகிறது. திரும்பும் அலையும் அடுத்து வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்புகிறது. ஓர் அடி தள்ளிச் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கி ஒன்றுமே இல்லாமல் போகிறது. மெல்லிய அடுக்கில் நடப்பது இதுதான்.

எரிவாயு மணலின் மேல் எல்லையில் ஒரு தெறிப்பு, கீழ் எல்லையில் எதிர்க்குறியில் இன்னொரு தெறிப்பு. அடுக்கு தடிப்பாக இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மெலிய மெலிய நெருங்கி, அலைநீளத்தில் கால்வாசித் தடிப்பு வரும்போது ஒன்றுக்கொன்று உதவி உச்சப் பிரகாசம் தரும். அதற்கும் மெலிந்தால் பிரகாசம் குறையத் தொடங்கும், ஆனால் அலையின் உருவம் பெரிதாக மாறாது. எட்டில் ஒரு பங்குக்குக் கீழே போனால் படத்தின் உருவத்தை வைத்துத் தடிப்பைச் சொல்லவே முடியாது. 1973இல் விடஸ் என்ற ஆய்வாளர் இதை எழுதிக் காட்டினார்.

இதைப் பார்க்க ஓர் ஆப்பு மொடல் செய்வார்கள். ஒரு முனையில் பூச்சியம், மறுமுனையில் நூறு மீட்டர் தடிப்புள்ள மணல் ஆப்பு ஒன்றைக் கணினியில் வைத்து, ஒவ்வொரு எல்லையிலும் தெறிப்பின் அளவுக்குத் துடிப்பை நட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் செயற்கைப் படம் ஒன்று வரும். பள்ளிப் பிள்ளைக்கும் செய்து காட்டலாம். எனக்கு முதல் முதல் இந்தத் தொழில் விளங்கியது அந்த ஆப்பில்தான். அதற்கு முன் இரண்டு வருடம் படம் பார்த்தும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

இனி டொராடோவுக்கு வருவோம். அங்கே கிடைத்த எரிவாயுப் பகுதி ஏறத்தாழ 25 மீட்டர், 3,044 மீட்டருக்கும் 3,069 மீட்டருக்கும் இடையில். மீடிறன், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது, 30 ஹேர்ட்ஸ், வேகம் 3,000 என்று எடுத்தால் அலைநீளம் 100 மீட்டர், கால்வாசி 25. அதாவது, என் ஊக எண்கள் சரியென்றால், அந்த மணல் தன்னால் முடிந்த உச்சப் பிரகாசத்தில் இருந்திருக்கும்.

2024 மே 19
நேற்றைய கணக்கில் ஒரு பிழை. பேராதனையில் என்னோடு படித்த ஒருவர் காலையிலேயே அழைத்துச் சொன்னார். கால்வாசி அலைநீளம் பார்க்கும்போது அடுக்குக்கு உள்ளே உள்ள வேகத்தை எடுக்க வேண்டும், மேலே உள்ள களியின் வேகத்தை அல்ல. நான் 12ஆம் திகதி எரிவாயு மணலுக்கு 2,600 என்று எழுதிவிட்டு நேற்று 3,000 எடுத்திருக்கிறேன். திருத்தினால் அலைநீளம் 87, கால்வாசி 22 மீட்டர். 25 மீட்டர் அடுக்கு உச்சத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனால் பிழை பிழைதான்.

பாராகூடா வேறு கதை. அங்கே எரிவாயு 4,067 மீட்டருக்கும் 4,206 மீட்டருக்கும் இடையில் பல மணல் அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆழம் போகப் போகப் பாறை உயர் மீடிறன்களைத் தின்றுவிடும். 20 ஹேர்ட்ஸ்தான் மிஞ்சுகிறது, வேகம் 3,200 என்று வைத்தால் கால்வாசி 40 மீட்டர். அதை விட மெல்லிய மணல்கள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகத்தான் வரும். அந்த ஒரு கோட்டுக்குள் எத்தனை மணல், இடையில் எவ்வளவு களி என்பதற்கு ஒரே ஒரு பதில் இல்லை. பத்து வித அடுக்குகளை மொடலில் வைத்துப் பாருங்கள், பத்தும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத் தரும்.

மொடல் செய்வது எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். என் ஊகம் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் அல்ல. என்னுடையதைத் தவிர வேறு எத்தனை ஊகங்கள் அதே படத்தோடு பொருந்துகின்றன என்று எண்ணிப் பார்க்க.

2024 மே 23, வெசாக்
இன்று தெரு முழுக்க வெளிச்சக் கூடு. வீட்டுக்கு மாமா வந்திருந்தார். மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். நான் எழுதுவதைக் கேட்டுவிட்டு 1974ஐப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியோடு பேசாலையில் முதல் கிணறு தோண்டிய காலம். பள்ளிக்கூடம் விட்டதும் நாலு பெடியள் இரண்டு சைக்கிளில் போய் அந்தக் கோபுரத்தைப் பார்ப்பார்களாம். இரவில் அதன் வெளிச்சம் கடலில் வலை போடப் போனவர்களுக்குத் திசை காட்டியதாம். எண்ணெய் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் நம்பியதாம். பேசாலையில் அப்புறம் இன்னும் இரண்டு கிணறு தோண்டினார்கள். வணிக அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கிணறுகளுக்கு வைத்த பெயர்களைச் சொன்னேன். பாராகூடா என்றால் சீலா மீன் என்றதும் கண் விரிந்தது. வல்லகோ நம்முடைய வாளை என்றேன். உடனே சொன்னார்: "வாளை குளத்து மீன். அதைக் கொண்டுபோய்க் கடலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?" வீடே சிரித்தது.

சிரித்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "நாங்கள் சின்னனில் பார்த்த அந்த ஆட்களுக்கும் இந்தப் படம் இருந்ததா?" இருந்தது மாமா. காகிதத்தில், தனித்தனிக் கோடுகளாக. இரண்டு கோட்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று மனதால்தான் நிரப்ப வேண்டும். இப்போது முப்பரிமாணத்தில் நிரம்பித் தெரிகிறது. நிரம்பித் தெரிவதால் நம்பிக்கையும் கூடிவிடுகிறது, அதுதான் கவனிக்க வேண்டியது.

2024 மே 24
நேற்று "படம் நிரம்பித் தெரிகிறது" என்று எழுதியதும் நினைவு வந்தது, தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். அந்தப் படத்தின் நெடுக்கு அச்சு ஆழம் அல்ல, நேரம். சத்தம் போய்த் திரும்ப எடுத்த நேரம். டொராடோவில் கடல் ஆழம் 1,354 மீட்டர். தண்ணீரில் வேகம் 1,500. போய்த் திரும்ப 1.8 விநாடி கடலுக்கே போய்விடுகிறது.

நேரத்தை ஆழமாக மாற்ற வேகம் தெரிய வேண்டும். அது தெரியாமல் போனால் இல்லாத மேடு தெரியும். 400 மீட்டர் தடிப்பான பசால்ட் ஒன்று ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் போய்த் திரும்ப 0.145 விநாடி. பக்கத்தில் அதே 400 மீட்டர் களியில் 0.267 விநாடி. பசால்ட்டின் கீழே உள்ள அடுக்கெல்லாம் 0.12 விநாடி முந்திவிடும். படத்தில் அது 180 மீட்டர் உயரமான மேடு போலத் தெரியும். எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் மேட்டில்தான் தங்கும், எல்லோரும் தேடுவது மேட்டை. ஆனால் பூமிக்குள் அந்த அடுக்கு பாய் விரித்தது போலத் தட்டையாகக் கிடக்கும்.

இதுவும் மொடலில் பத்து நிமிடத்தில் பிடிபடும் விடயம். தட்டையான அடுக்கின் மேல் ஒரு பசால்ட் துண்டை வைத்து ஓடவிட்டால் பொய் மேடு கண்முன்னே எழும்பும்.

2024 ஜூன் 2
எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமையாக யோசித்தேன். எழுதுகிறேன். எந்த நாடு, எந்தக் கொம்பனி என்பது வேண்டாம்.

கடலில் ஓர் இடம். அழகான வெளிச்சப் புள்ளி, குறி மறை, கடல்தளத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தாயிற்று. கட்டமைப்பும் உண்மையான மேடு. எல்லாம் பொருந்துகிறது. மொடல் செய்யும் வேலை என்னுடையது. நான் இரண்டு மொடல் செய்தேன். ஒன்றில் மணல் முழுக்கத் தண்ணீர். மற்றதில் நூற்றுக்கு எண்பது எரிவாயு. தண்ணீர் மொடல் மங்கல், எரிவாயு மொடல் அச்சொட்டாகப் படம் போல. ரிப்போர்ட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தோண்டினார்கள். மணல் இருந்தது. தடிப்பு நான் சொன்ன தடிப்புக்கு இரண்டு மீட்டர் வித்தியாசம்தான். எரிவாயுவும் இருந்தது. ஆனால் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் தண்ணீர். எடுக்க முடியாது, விற்க முடியாது.

இது எப்படி? பிரேக் ஒயிலுக்குள் காற்றுக் குமிழ் போன த்ரீவீலரை நினைத்துப் பாருங்கள். ஒயில் முழுக்க இருக்கிறது, குமிழ் கொஞ்சம்தான், ஆனாலும் மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். கலவையை அமுக்கும்போது அமுங்குவது குமிழ். பாறைத் துளைக்குள்ளும் அதேதான். தண்ணீருக்குள் சில வீதம் எரிவாயு கலந்தாலே போதும், கலவை அமுங்கக் கூடியதாகிச் சத்தத்தின் வேகம் விழுந்துவிடும். பிறகு எவ்வளவு எரிவாயு சேர்த்தாலும் வேகம் பெரிதாக மாறாது. 1951இல் காஸ்மான் எழுதிய சமன்பாட்டில் எண்களைப் போட்டால் இது அப்படியே வரும். பல்கலைக்கழகத்தில் அந்தச் சமன்பாட்டைச் சோதனைக்கு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு மொடல், பத்து வீத எரிவாயு வைத்து, செய்திருந்தால் அதுவும் அதே படத்தைத்தான் தந்திருக்கும். தோண்டியே இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேசையில் மூன்று படம் இருந்திருக்கும். அவற்றில் இரண்டு ஒன்று போல இருந்திருக்கும். முடிவு எடுப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு எடுத்திருப்பார்கள். அதைச் செய்யாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

2024 ஜூன் 4
பலர் கேட்டதால்: பத்து வீதத்தையும் எண்பது வீதத்தையும் பிரிக்க வழியே இல்லையா? சாதாரணப் படத்தில் மிகக் கடினம். வேகம் இரண்டிலும் ஒன்று போல. அடர்த்தி மட்டும் எரிவாயு கூடக் கூடச் சீராகக் குறையும். அடர்த்தியைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், சத்தம் மிகவும் சரிந்து போய்த் தெறித்த தூர ஒலிவாங்கிகளின் தரவு வேண்டும். கோணம் மாற மாறத் தெறிப்பு எப்படி மாறும் என்ற கணிதத்தை ஸோப்ரிட்ஸ் என்ற அறிஞர் எழுதியது 1919இல் அச்சாகிவிட்டது. அவர் அதற்கு முன்பே, 1908இல், இளவயதில் இறந்துபோனவர். எரிவாயு மணலைக் கண்டுபிடிக்க அது உதவும் என்று ஒஸ்ட்ராண்டர் என்ற ஆய்வாளர் எழுதிக் காட்டியது 1984இல். அறுபத்தைந்து வருடம்! அந்த இடைவெளியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

2024 ஜூன் 9
கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். தான் உயர்தரத்தில் பௌதிகம் படிப்பதாகவும், இதை எங்கே பழகலாம் என்றும் கேட்கிறார். சரியான சந்தோஷம்.

பணம் தேவையில்லை தம்பி. கொலராடோ சுரங்கக் கல்லூரி வெளியிட்ட சைஸ்மிக் யுனிக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். நெதர்லாந்து, வடகடலில் எடுத்த எஃப்3 பகுதியின் உண்மையான முப்பரிமாணத் தரவை யாரும் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறது. மார்மூசி என்று ஒரு மொடல் இருக்கிறது. 1988இல் பிரெஞ்சுப் பெற்றோலிய நிறுவனத்தில் அங்கோலாவின் குவான்சாப் படுகையை வைத்துச் செய்தது. பாறை எல்லாம் என்ன வேகம், எங்கே உடைந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். அதன் செயற்கைத் தரவைக் கொண்டு உன் முறை சரியா என்று சோதிக்கலாம், விடை பக்கத்திலேயே இருக்கிறது. பூமிக்கு விடைத்தாள் கிடையாது, அதனால்தான் இப்படி ஒன்று தேவைப்பட்டது.

ஆனால் முதலில் ஆப்பைச் செய். பைத்தன் தெரிந்தால் முப்பது வரி. தெரியாவிட்டால் சதுரக் கோட்டுத் தாளில் கையால் வரைந்து கூட்டு. நான் கையால்தான் செய்தேன்.

2024 ஜூன் 21
பசால்ட்டைப் பற்றி 12ஆம் திகதி எழுதியதில் இரண்டாம் யோசனை. பசால்ட்டின் மேலேயே சத்தம் முழுக்கத் தெறித்துவிடும், கீழே ஒன்றும் போகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. தெறிப்பு 0.36 என்றால் ஓர் எல்லையைப் போக்கிலும் வரவிலும் கடந்து மிஞ்சுவது நூற்றுக்கு 87. மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் சேர்த்து 75. முக்கால்வாசி மிஞ்சுகிறதே!

பிரச்சினை ஒரே தடித்த பசால்ட் அல்ல. எரிமலைக் குழம்பு ஒரு தடவை ஓடி உறைந்து, அதன் மேல் சேறு படிந்து, திரும்ப ஓடும். பத்து ஓட்டம் என்றால் இருபது எல்லை. 87ஐ இருபது தடவை பெருக்கினால் மிஞ்சுவது நூற்றுக்கு 6. அதோடு உள்ளுக்குள்ளேயே தெறித்துத் தெறித்து வரும் எதிரொலிகள் கீழே உள்ளதன் மேல் வந்து விழும். கரடுமுரடான மேற்பரப்பு சத்தத்தைச் சிதறடிக்கும்.

குறைந்த மீடிறன் மட்டும் தப்பிப் போகும். அலைநீளம் பெரிதாக இருக்கும்போது மெல்லிய ஓட்டங்களை அலை தனித்தனியாக உணர்வதில்லை, மொத்தமாக ஒரே பாறையாக எடுத்துக்கொள்கிறது. மன்னார்ப் படுகையில் வண்டல் சில இடங்களில் பல கிலோமீட்டர் தடிப்பு. எரிமலைப் பாறைக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய கேள்வி.

2024 ஜூன் 30
சொந்தமாக ஒரு மொடல் ஓடவிடுகிறேன். 10 கிலோமீட்டர் அகலம், 6 கிலோமீட்டர் ஆழம். மேலே கடல், நடுவில் பத்து பசால்ட் ஓட்டம், கீழே சாய்ந்த மணல் அடுக்கு ஒன்று. 60 ஹேர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் தண்ணீரில் அலைநீளம் 25 மீட்டர். ஓர் அலைக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும், இல்லாவிட்டால் அலை தானே வால் விட்டுச் சிதறும். ஆக 2.5 மீட்டர் சதுரம், 96 இலட்சம் சதுரம். பசால்ட்டின் வேகத்துக்கு ஒவ்வொரு நேரப் படியும் 0.0003 விநாடிக்குச் சற்று மேல் வரைதான் இருக்கலாம். ஆறு விநாடிக்கு ஏறத்தாழ 19,000 படி. என் லப்டொப்பில் ஒரு வெடிக்கு, அதாவது கப்பல் ஒரு தடவை விடும் சத்தத்துக்கு, அரை மணித்தியாலத்துக்கு மேல், மொத்தம் அறுபது வெடி. மேசை மின்விசிறியை லப்டொப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நாங்கள் ஜன்னல் காற்றில் படுக்கிறோம்.

2024 ஜூலை 3
முடிந்தது. 60 ஹேர்ட்ஸ் வரை வைத்த படத்தில் பசால்ட்டுக்குக் கீழே எதிரொலிகள் மட்டும்தான். எல்லாம் தட்டையாக, பசால்ட்டின் நிழல் போல. மணல் அடுக்கு இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. தரவை 12 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடித்துப் பார்த்தேன். சாய்வான ஒரு மங்கல் கோடு, நான் வைத்த இடத்தில், நான் வைத்த சாய்வில்.

மனம் துள்ளியது. அப்புறம் மணல் அடுக்கை முழுக்க எடுத்துவிட்டு, வெறும் களியை வைத்து, பசால்ட்டின் அடிப்பக்கத்தை மட்டும் அதே சாய்வில் வெட்டி, இன்னொரு மொடல் ஓடவிட்டிருக்கிறேன். நாளை மறுநாள் முடியும்.

2024 ஜூலை 5
அதிலும் ஒரு மங்கல் கோடு வருகிறது. முதலாவதை விட 0.04 விநாடி மேலே. இரண்டு படத்தையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்றாவதற்கு இடம் விட்டு.